பதினேழாயிரம் முதுகுகள்

அம்பரீனின் கைப்பேசியில் பதினேழாயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. முகம் என்று தேடினால் அதில் ஐந்நூறு தேறாது. மற்றதெல்லாம் முதுகு. ஒல்லி முதுகு, அகல முதுகு, மச்சம் வைத்த முதுகு, பின்னலை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்கும் முதுகு.

அவள் பட்டு ஜாக்கெட் தைக்கிறவள். காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். புடவையை எடுத்த பிறகு ஜாக்கெட்டுக்கு எங்கே போவது என்பது உள்ளூர்ப் பெண்களுக்குத்தான் தெரியும். ஒலிமுகமதுபேட்டையில் இரண்டாவது சந்து, பச்சைக் கதவு. வீட்டு முன்னறைதான் கடை. வேலைப்பாடெல்லாம் பின்கழுத்தில் வரும் என்பதால், தைத்து முடித்ததும் போட்டுப் பார்க்கச் சொல்லி, திரும்பி நிற்கச் சொல்லி ஒரு படம் எடுப்பாள். ஆள் வரவில்லையென்றால் கதவோரம் நிற்கும் பொம்மைக்கு மாட்டி ஒரு படம். ஒரு படம் என்பது பேச்சுக்குத்தான். கை ஆடிவிட்டதோ, வெளிச்சம் போதவில்லையோ என்று எட்டுப் படமாவது எடுப்பாள். ஐந்து வருஷமாக இப்படி.

ஆனி மாசக் கடைசியில் சங்கீதா வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், பழைய வாடிக்கை. தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். "ரெண்டு வருஷம் முன்னாடி யாருக்கோ பின்கழுத்துல ஜோடி மாங்கா வச்சித் தெச்சீங்களேக்கா, அதே வேணும்" என்றாள்.

அம்பரீனுக்கு அந்த மாங்காய் கண்முன் நின்றது. கைப்பேசியில்தான் நிற்கவில்லை. தள்ளினாள், தள்ளினாள், ஒன்றரை மணி நேரம் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே காலை வணக்க ரோஜாப்பூ, யாரோ அனுப்பிய நோன்புக் கஞ்சி அட்டவணை, மின்விசிறியின் படம், தன் கால் கட்டைவிரலின் படம். சங்கீதா இரண்டு டீ குடித்து முடித்துவிட்டாள். சரி, அளவையாவது எழுதிப் படம் எடுத்து வைப்போம் என்று எடுக்கப் போனால், இடமில்லை என்று சொல்லிவிட்டது போன்.

"பரவாயில்லக்கா, கெடச்சதும் அனுப்புங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள் சங்கீதா. திட்டியிருந்தால்கூட அம்பரீனுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

நஸ்னீன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்பரீனின் கணவர் மொஹசினின் தங்கை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். ஓரம் அடிக்க, ஹூக்கு வைக்க மூன்று வருஷமாக இங்கேதான் வருகிறாள். அண்ணியைப் பாபி என்றுதான் கூப்பிடுவாள்.

"மொத்தமா அழிச்சிடுங்க பாபி. ஒரு அமுக்கு அமுக்குனா காலி" என்றாள்.

அம்பரீன் போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் ஜாக்கெட்டும் இல்லை. மதிய லுஹர் தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு சாயங்கால அஸர் வரைக்கும் மிஷின் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் ஒரே முதுகின் எட்டுப் படத்தில் ஏழு படத்தை அழித்தாள். அதற்கே மனசு வரவில்லை. எந்த ஏழு என்று முடிவெடுக்கக் கால் மணி நேரம். மூன்றாம் நாள் கை பழகிவிட்டது. ரோஜாப்பூக்கள் போயின. மின்விசிறி போயிற்று. கால் விரல்கள், பைக்குள் இருந்தபடியே எடுத்துக்கொண்ட கறுப்புப் படங்கள், எதிர்க்கடையின் மூடிய ஷட்டர் படம் ஐம்பது, எல்லாம் போயின. அன்றைக்கு மட்டும் தொள்ளாயிரம். மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள் படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். நாற்பத்து மூன்று வயதில் அப்படி ஏறி நாளாயிற்று. கீழே நின்ற நஸ்னீன், "இன்னா பாபி, யாராவது தொரத்துறாங்களா?" என்று கேட்டாள்.

நான்காம் நாள் ஜோடி மாங்காய் கிடைத்தது. சங்கீதாவுக்கு அனுப்பினாள். அவளும் பதிலுக்கு இதயம் இதயமாக அனுப்பினாள். வேலை முடிந்தது, போனிலும் இடம் வந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அம்பரீனுக்கு ருசி கண்டுவிட்டது. இனி ஆள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆல்பம் போடுவது என்று இறங்கினாள்.

அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. முகமே இல்லாத அந்த முதுகுகள் எல்லாம் யார் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நஸ்னீன் நம்பவில்லை. ஜாக்கெட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கழுத்தையும் தோளையும் மட்டும் காட்டினாள். "இது?"

"தீபிகா. எடது தோள் கொஞ்சம் எறக்கம். காலேஜுக்குப் பை மாட்டி மாட்டி."

"இது?"

"பொன்னி. பூக்கடை. கூடை தூக்கறவங்களுக்குக் கழுத்து நேரா நிக்கும்."

"இது?"

"நீதான்டி. போன பக்ரீத்துக்குத் தெச்சது. பொடவை மூட்டை மாதிரி நிக்கறியே, வேற யாரு?"

நஸ்னீன் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மிஷின் மேல் இருந்த நூல்கண்டு உருண்டு வாசல் தாண்டிப் போயிற்று. எடுக்கப் போன நஸ்னீன் சிரிப்பில் எழ முடியாமல் திரும்ப உட்கார்ந்தாள்.

தீபிகாவின் ஆல்பத்தில் ஐந்து படங்கள் தங்கின. கல்லூரி விடைபெறும் விழாவுக்கு ஒரு ஊதா. நிச்சயதார்த்தத்துக்கு மாம்பழக் கலர். முகூர்த்தத்துக்கு அரக்கு. ஏழாம் மாச வளைகாப்புக்கு அதே அரக்கு ஜாக்கெட்டில் இரண்டு பக்கமும் தையல் பிரித்து விட்டது. கடைசியில் குழந்தைக்கு மொட்டை போட்ட அன்றைக்கு ஒரு பச்சை. அதில் தோளுக்கு மேல் ஒரு சின்னக் கை தெரிந்தது. வரிசையாக வைத்துப் பார்த்தபோது அம்பரீனுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தையும் தீபிகாவுக்கே அனுப்பினாள்.

ஐந்து நிமிஷத்தில் குரல் பதிவு வந்தது. "அக்கா, என் முதுகை நானே இப்பதான் பாக்கறேன். இவ்ளோ நல்லா இருக்குதா என் முதுகு? சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. எங்க வீட்டுக்காரரு வசந்த்கிட்ட காட்டுனேன், அவரு மூணாவது படத்தை வால்பேப்பரா வச்சிக்கினாரு."

அதைக் கேட்டபிறகு அம்பரீனை நிறுத்த முடியவில்லை. அவரவர் முதுகை அவரவர்க்கு அனுப்பத் தொடங்கினாள். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கும், அங்கிருந்து சுற்று கிராமங்களுக்கும் அந்த வாரம் முழுக்க முதுகுகள் போய்க்கொண்டிருந்தன. பதிலும் வந்துகொண்டிருந்தது. ஒருத்தி தன் முதுகில் மச்சம் இருப்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாளாம். ஒருத்தி இளைத்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டு, தேதியைப் பார்த்து அது பழைய படம் என்று தெரிந்து, அம்பரீன்மேல் கோபித்துக்கொண்டாள். சாயங்காலமானால் நாலு பேர் நேரிலேயே வந்து, மீதிப் படம் எங்கே என்று கேட்டார்கள். சும்மா கிடக்க வேண்டிய ஆடி மாசத்தில் முன்னறை நிறையப் பேச்சும் டீயும்.

அப்படியொரு சாயங்காலத்தில் தாமலிலிருந்து அலமு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். விவசாயக் குடும்பத்துப் பெண். இப்போது ஊராட்சியில் வார்டு உறுப்பினர். மேடை ஏறுகிற நாளுக்கெல்லாம் அம்பரீன் தைத்த ஜாக்கெட்தான்.

"அம்பரீனு, யாரோட முதுகு இது?" என்று போனை நீட்டினாள்.

அம்பரீன் பார்த்தாள். மாற்றி அனுப்பியிருக்கிறாள். அது பூக்கடைப் பொன்னியின் முதுகு. "ஐயோ அக்கா, கை தவறிடுச்சி, மன்னிச்சிக்கோ."

"மன்னிப்பு கெடக்குது. நடந்ததைக் கேளு." அலமு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்கு இன்னா தெரியும், நீ அனுப்புன, என் முதுகுன்னு நெனச்சிக்கினேன். நம்ம முதுகு பரவாயில்லையேன்னு எங்க ஊட்டுக்காரர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுனேன். அவரு வயல்லேர்ந்து வந்து கால் கழுவிக்கினு இருந்தாரு. ஒரு தரந்தான் பார்த்தாரு. இது நீ இல்லன்னுட்டாரு."

"முனிசாமி அண்ணனா?"

"அவரேதான். எப்பிடிய்யா சொல்றன்னேன். முப்பது வருஷமா கோச்சிக்கினு அந்தப் பக்கம் திரும்பிக்கிற முதுகு, எனக்குத் தெரியாதா, இது வேற யாரோ நல்ல மாதிரி பொம்பளைன்னாரு."

அம்பரீன் வாயில் குண்டூசி வைத்துக்கொண்டிருந்தாள். அவசரமாக எடுத்துவிட்டுத்தான் சிரிக்க வேண்டியிருந்தது. அலமுவும் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் கண்டுபிடிச்சிட்டாரு பாரு" என்று மெதுவாகச் சொன்னாள். முகம் சிவந்திருந்தது. "என்னோடத எடும்மா. மொத மொதல்ல நீ தெச்சிக் குடுத்ததுலேர்ந்து எடு. கொண்டுபோய்க் காட்டணும்."

அலமுவுக்கு முதல் ஜாக்கெட் தைத்தது ஊரடங்கு வருஷத்து ஐப்பசியில். பேட்டைக்கு வெளியே இருந்து வந்த முதல் வாடிக்கையும் அவள்தான். அந்த மாசத்துப் படங்களை அம்பரீன் இதுவரை திறக்கவில்லை. திறக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

மொஹசினுக்கு அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெடிமேட் துணிக்கடை இருந்தது. ஊரடங்கில் மூடியது மூடியதுதான். அம்பரீன் உள்ளறையில் இருந்த மிஷினை முன்னறைக்கு இழுத்துப் போட்டாள், மொஹசின் சுவரோரம் உட்கார்ந்தார். இரண்டு வருஷம் கழித்து ஒரு பட்டுக்கடைக்கு வேன் ஓட்டப் போனார், இன்றைக்கும் அதுதான் வேலை. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அம்பரீனிடம் ஒரு கதை இருந்தது. அளவெடுக்கும்போது யாராவது கேட்டால் சொல்வாள்: "நான் ஒருத்தியா தாங்கினேம்மா. அவரு மூலையில உக்காந்துக்கினு இருந்தாரு." கோபமாகச் சொல்லமாட்டாள். ஊரில் ஏரி இருக்கிறது, கோயில் இருக்கிறது என்பது மாதிரி சொல்வாள். மொஹசின் பக்கத்தில் இருந்தாலும் சொல்வாள். அவரும் மறுத்ததில்லை.

ஐப்பசிப் படம் திறந்தது. பொம்மையின் மேல் அலமுவின் பச்சை ஜாக்கெட். படத்தின் இடது ஓரத்தில், சுவரோரம், லுங்கியும் தாடியுமாக மொஹசின். முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதையில் வருகிற மாதிரியேதான்.

அலமுவுக்கு வேண்டிய படங்களை அனுப்பிவிட்டாள், அலமுவும் கிளம்பிவிட்டாள். மறுநாள் மதியம் அம்பரீன் அந்த வருஷத்துப் படங்களைத் தேதி வரிசையில் அடுக்கத் தொடங்கினாள்.

அடுத்த வாரத்துப் படத்தில் அதே சுவர், அதே லுங்கி. மடியில் ஒரு ஜாக்கெட் கிடந்தது. அதற்கடுத்த வாரம் மூக்குக் கண்ணாடி. ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு நூல் கோத்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்து இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. அப்புறம் இரண்டு விரலில் பிளாஸ்திரி. கார்த்திகையில் மூன்று விரல். அம்பரீன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மடியில் ஹூக்கு டப்பா.

மார்கழியில் பிளாஸ்திரி ஒன்றாகக் குறைந்தது. தையில் ஒன்றுமில்லை. மாசியில் அவளைப் போலவே உதட்டில் நாலு ஹூக்கைக் கவ்விக்கொண்டு, யாரையோ பார்த்து அந்த உதட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றில் இஸ்திரி போடுகிறார். ஒன்றில் பொம்மையின் காலடியில் சிதறிய வெட்டுத்துணியைப் பெருக்குகிறார். பிறகு ஒரு முப்பது நாற்பது படங்களில் ஆளே இல்லை. ஆனால் வலது ஓரத்தில் என்னவோ பளபளவென்று. பெரிதாக்கினாள். பிரியாணித் தாம்பாளம். அதைப் பிடித்திருக்கும் நாலு விரல்.

"என் போட்டோவுல மட்டும் வெளிச்சம் எப்படி விழுது பாரு" என்று அவள் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்ட படங்கள் அவை. வாசல் வெயிலைத் தாம்பாளத்தில் வாங்கி பொம்மையின் மேல் திருப்பிவிட்டபடி அவர் நின்றிருக்கிறார், மாசக்கணக்கில். வாடிக்கைக்கு அனுப்பும்போது ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருப்பாள். ஓரம் போனதோடு அவரும் போய்விட்டார்.

"நஸ்னீன், அந்த ரெண்டு வருஷம் எனக்கு ஹூக்கு யாரு தெச்சது?"

நஸ்னீன் தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தாள். "அண்ணன்தான். நான் வந்து சேந்ததே அவரு வேனுக்குப் போனப்புறம்தான பாபி?"

"எனக்கு ஞாபகமே இல்லடி."

"எனக்கு ஞாபகம் இருக்குது. நீங்க ஒண்ணு சொல்லிக்கினு இருப்பீங்க, அவரும் சும்மா கேட்டுக்கினு இருப்பாரு. புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் எதுக்கு வாய் குடுக்கணும்?"

அம்பரீன் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று நஸ்னீன் பக்கத்தில் வந்தாள். அழவில்லை. மூன்று விரல் பிளாஸ்திரிப் படத்தைப் பார்த்துச் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள், தோள் இரண்டும் குலுங்க. அந்த நாட்களில் அவள் ஊசி முனையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. முதல் மாசத்தில் ஒரு நாள் கண்ணைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள், அவர் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார், அந்த ஒரு பார்வையையே இரண்டு வருஷத்துக்கும் இழுத்துத் தைத்துவிட்டாள். அது அவிழ்ந்து விழுந்ததும் உடம்பே இலேசாகிவிட்ட மாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தைவிட சந்தோஷம் அதிகமாக இருந்தது. தன்னோடு ஒருத்தர் இருந்திருக்கிறார், அது இன்றைக்குத்தான் தெரிகிறது என்றால் யாருக்குத்தான் தலை சுற்றாது?

எண்ணிப் பார்த்தாள். மொஹசின் இருக்கும் படம் இருநூற்றுப் பன்னிரண்டு, தாம்பாளத்தையும் சேர்த்து.

சாயங்காலம் வேனை விட்டுவிட்டு அவர் வந்தார். அம்பரீன் டீ கொடுத்தாள். கூடவே சமோசா. எதிரில் உட்கார்ந்து அவர் குடிப்பதையே பார்த்தாள். மொஹசின் பாதி டீயில் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா, மிஷின் கெட்டுப் போச்சா?"

"இல்லியே."

"உங்க அம்மா வீட்டுலேர்ந்து யாராவது வராங்களா?"

"விரலைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

அவர் தயங்கித் தயங்கி இடது கையை நீட்டினார். அம்பரீன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனைக் கொடுத்தாள். ஆல்பத்தின் பெயர் 'ஹூக்கு மாஸ்டர்'. மொஹசின் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"அப்போ எனக்குத் தொப்பை இல்ல" என்றார் கடைசியில்.

பிறகு ஒரு ஊதா ஜாக்கெட்டில் விரலை வைத்தார். "இதுல ஹூக்கு எல்லாம் பக்கம் மாத்தித் தெச்சிட்டேன். நீ அவுத்துட்டு முழுசும் திரும்பத் தெச்ச. ஒரு வார்த்தை சொல்லல."

"ஊரெல்லாம் சொன்னேனே, நீங்க சும்மா உக்காந்துக்கினு இருந்தீங்கன்னு. ஒரு தரமாவது இல்லன்னு சொல்லக் கூடாதா?"

"உக்காந்துக்கினுதான இருந்தேன்? நின்னுக்கினா ஹூக்கு தெப்பாங்க?"

அம்பரீன் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். அவர் சிரித்துவிட்டு, சமோசாவை எடுத்து, சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "மொத மூணு மாசம் நெசமாவே சும்மாதான் உக்காந்திருந்தேன் அம்பரீன். அது பொய் இல்ல. கை ஓடல. அப்புறம் நீ தெக்கிறதைப் பாத்துப் பாத்துத்தான் டப்பாவை எடுத்தேன்." சமோசாவை ஒரு கடி கடித்துவிட்டு, "தாம்பாளம் என் யோசனை" என்றார்.

மறுநாளிலிருந்து அம்பரீன் கதையை மாற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அளவு கொடுக்க வந்தவர்கள், கொடுக்காமல் வந்தவர்கள், காய்கறிக்காரர் கண்ணாயிரம், யாரையும் விடவில்லை. படத்தையும் காட்டினாள். நஸ்னீன் அதைக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். இரண்டே நாளில் பள்ளிவாசல் பக்கத்து டீக்கடை வரைக்கும் பேர் போய்ச் சேர்ந்தது. "வாங்க ஹூக்கு மாஸ்டர்" என்று ஒருவர் கூப்பிட்டாராம். வீட்டுக்கு வந்து மொஹசின் கோபப்பட்டார். கோபப்படும்போதே வாசல் கண்ணாடியில் தாடியைச் சரிசெய்துகொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அலமு கூப்பிட்டாள் என்று இருவரும் ஸ்கூட்டரில் தாமலுக்குப் போனார்கள். இரண்டு பேருமாக எங்கேயும் போய் எத்தனை வருஷம் என்று அம்பரீன் கணக்குப் போட்டுப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ஏரியில் பாதித் தண்ணீர்தான். காற்று மட்டும் முழுசாக அடித்தது. கரையில் உட்கார்ந்து அலமு கொடுத்த வேர்க்கடலையைத் தின்றார்கள். எங்களை ஒரு படம் எடுங்கண்ணா என்று அம்பரீன் முனிசாமியிடம் போனைக் கொடுத்தாள். முனிசாமி வாங்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்பக்கமாக நடந்து போனார். தூரத்திலிருந்து, "முதுகை நேரா வையுங்க" என்றார். இந்த அம்மா எடுப்பதெல்லாம் முதுகுதானே என்று அவர் அப்படியே நினைத்திருந்தார். திரும்பிப் பார்த்த மொஹசினையும் அதட்டி முன்னால் பார்க்க வைத்தார். அலமு கரையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தில் ஏரியும், மூட்டை மாதிரி இரண்டு முதுகும், அம்பரீன் சிரித்துக் குலுங்கியதால் கலங்கிப்போன ஒரு துப்பட்டாவும் விழுந்தன. அம்பரீன் அதை அழிக்கவில்லை.

திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. பேட்டைக்குத் திரும்புகிற முனை வந்ததும் மொஹசின் வேகத்தைக் குறைத்தார். அம்பரீன் அவர் தோளைத் தட்டினாள்.

"நேரா போங்க."

"நேரா இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

அவர் முனையைத் தாண்டி வண்டியை நேராக விட்டார்.